அடுப்பில் எரியும் கூலி

விருதுநகர், சிவகாசிச் சுற்றுப்புறத்துக் கிராமங்களில் காஸ் சிலிண்டர் தீர்ந்தால் சீமைக் கருவேல விறகே துணை. அருகிலேயே கிடைப்பதால் அதை நாம் ஒரு செலவாகவே எண்ணுவதில்லை. வெட்டிச் சுமக்கும் நேரத்தில் தீப்பெட்டி ஒட்டினால் கூலி கிடைக்குமல்லவா? மூன்று கல் அடுப்பிலோ, எரியும் வெப்பத்தில் சுமார் பத்திலொரு பங்குதான் பானையைச் சேர்கிறது. 1983-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய அடுப்புச் சீர்திருத்தத் திட்டம் ஐந்திலொரு பங்கையாவது நாடியது. அதாவது, பாதி விறகு மிச்சம்!

சூட்சுமம் எளிது: தீயைச் சுற்றி மண் சுவர், அனல் செல்லும் வழியில் கொடியடுப்பு, முடிவில் புகைபோக்கி. சோறு வேகும் அனலிலேயே குழம்பும் கொதிக்கும். 2002-ல் திட்டம் நின்றது; மண்ணும் கைத்திறனும் நம்மை விட்டுப் போகவில்லை. புகைபோக்கியில் படியும் கரியை அடிக்கடி துடைத்து வரவேண்டும். விறகும் குறையும், தாய்மார்களின் கண்ணும் மார்பும் பிழைக்கும். இச்சிக்கனத்தை இன்றே கைக்கொள்வோமாக!