புல்லட் டேங்க்கும் தகட்டின் திசையும்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவுக்குத் திருவொற்றியூர்தான் தாய்வீடு. அங்கே உருவான புல்லட்டைப் பார்ப்பவர் கண், பெட்ரோல் டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோட்டில் போய் நிற்கும். கோட்டுக்கு அடியில் இருப்பது மெல்லிய எஃகுத் தகடு. தட்டையாக வந்த அந்தத் தகடு பிரஸ்ஸில் டைக்குள் இறங்கி, கிழியாமல், மடிப்பு விழாமல் உருண்டு திரண்டிருக்கிறது. சாதாரண வேலையல்ல அது.

ஒரே கலவை, ஒரே கனம் உள்ள இரண்டு தகடுகளில் ஒன்று ஒழுங்காக இறங்கும். இன்னொன்று மூலையில் கிழியும். காசிமேட்டில் படகு கட்டும் தச்சர், இழை ஓடும் திசை பார்த்துத்தான் பலகையை வளைப்பார். எஃகிலும் அப்படியொரு திசை உண்டு.

எஃகு என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்கள் நெருங்கி ஒட்டிய திரள். ஒரு துண்டை வெட்டி, சிலிக்கான் கார்பைடு தாளில் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, ஆல்கஹாலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து தடவினால் படிகங்களின் எல்லைகள் முதலில் அரிபடும். நுண்ணோக்கியில் அவை கருங்கோடுகளாகத் தெரியும். மெருகேற்றி அமிலத்தால் அரித்துப் பார்ப்பது, 1860களில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி சார்பி காட்டிய வழி. தேய்ப்புப் பொருள்களுக்கும் திருவொற்றியூர் பேர்போன ஊர்: 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் சாணைச் சக்கரங்கள் இங்கே தயாராகின்றன.

ஆனால் நுண்ணோக்கியில் படிகங்களின் அளவும் வடிவமும்தான் தெரியும். உள்ளே இரும்பு அணுக்கள் கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே முக்கியம். ஆலையில் தகட்டைக் குளிர்நிலையில் உருட்டி, பிறகு சூடாக்கிப் பதப்படுத்தும்போது பெரும்பாலான கனசதுரங்கள் முனையை ஊன்றி நிற்கும்படி செய்யலாம். அப்படி நின்றால் இழுக்கும்போது தகடு மெலிய மறுக்கும். ஓரத்திலிருந்து உலோகம் உள்ளே நகர்ந்து வரும். படிகங்கள் இப்படி ஒரு திசையை நாடிக் கிடப்பதைத்தான் உலோகவியலார் டெக்ஸ்சர் என்கிறார்கள்.

சோதிக்க எளிய வழியும் உண்டு. உருட்டிய திசையிலும், அதற்கு 45, 90 டிகிரியிலும் பட்டைகள் வெட்டி இழுத்து, அகலம் எவ்வளவு சுருங்கியது, கனம் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிடுவார்கள். இந்த விகிதம் திசையொழுங்கு இல்லாத தகட்டில் 1. ஆழமாக அழுத்த ஏற்ற எஃகில் 2ஐ நெருங்கும், தாண்டவும் செய்யும். மூன்று திசைகளிலும் அது வேறுபட்டால், அழுத்திய கிண்ணத்தின் விளிம்பு காது காதாக எழும்பும். அந்தக் காதுகளை நறுக்கி எறிய வேண்டும். அவ்வளவும் வீண் எஃகு.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் நுட்பமானது. கற்றை புள்ளி புள்ளியாக நகர்ந்து ஒவ்வொரு படிகத்தின் சாய்வையும் அளக்க, கணினி அதை வண்ண வரைபடமாக்குகிறது. வழக்கமான வண்ணக் குறிப்பில் முனையூன்றி நிற்பவை நீலம், தட்டையாகப் படுத்தவை சிவப்பு. சிவப்பு மிகுந்த தகட்டை ஆழமான டையில் இறக்கினால் அது மெலிந்து கிழியும் வாய்ப்பு அதிகம்.