யார் கையெழுத்து? – 9: முன்சீப் போட்ட புத்தகம்

பதினெட்டு வயது முடிந்துவிட்டால் பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி கார்டியன் இல்லை என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் கோமாவில் கிடப்பவர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மன்னம்பந்தல் கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் முந்தானை நுனியைப் பிடித்தபடி இருபத்தாறு வயது மகன், அறிவுசார் குறைபாடு உள்ளவர். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினார்: கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மகனின் ஊனமுற்றோர் அட்டை, ஆறு மா நிலத்தின் சிட்டா. மூன்று மா ஓர் ஏக்கர். இரண்டு ஏக்கரைப் பங்கு பிரிக்க மகனும் கையெழுத்துப் போட வேண்டும். “ரேகை வச்சா ஆகாதான்னு கேட்டேன் தம்பி. ஆகாதுன்னுட்டாங்க” என்றார். கடைசியாக ஒரு தாளை எடுத்தார். பிரவுசிங் சென்டரில் எடுத்த ‘ஃபார்ம் ஏ’. முழுக்க இங்கிலீஷ். “இத மட்டும் படிச்சுச் சொல்லுங்க.”

1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் படிவம் அது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் என்ற நான்கில் ஒன்று இருந்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். கலெக்டர் தலைமையிலான கமிட்டியே காப்பாளரை நியமிக்கும். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும்; வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் வரை, நம் ஜனங்கள் இதற்குக் காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதிக்கு வருகிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் முன்சீப். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று அவர் வழக்கு விசாரித்த மூன்று ஊரும் இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. அந்த நாவலுக்குப் பதினேழு வருஷம் முன்பே, 1862இல், ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று ஒரு புத்தகம் போட்டார். 1805 முதல் 1861 வரை சதர் அதாலத் கோர்ட் சொன்ன தீர்ப்புகள், தமிழில். மதராஸ் ராஜதானிக்கே மேல் கோர்ட் அது. ஐகோர்ட் வந்ததே 1862இல்தான். ஐம்பத்தாறு வருஷத் தீர்ப்புகளை உட்கார்ந்து ஒரு முன்சீப் தமிழாக்கியிருக்கிறார்! யாரும் தலையில் கட்டிய வேலை இல்லை. தன் வழக்கில் என்ன நடக்கிறதென்று கட்சிக்காரனுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்த மனுஷனால்தான் இதைச் செய்ய முடியும். அவர் நீதி சொன்ன ஊரில் இன்றைக்கு ஒரு தாய், மகனுடைய படிவத்தை வழியில் கண்டவனிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். காப்பாளர் பெயர் என்ற இடம் வந்ததும் என் கையைத் தடுத்தார். “எம் பேரு வேண்டாம் தம்பி. பெரிய பொண்ணு பேரப் போடலாமா? நான் எத்தன நாளைக்கு?”

போடலாம். பெற்றோர் விண்ணப்பித்துத் தாங்கள் விரும்பும் ஒருவரைக் காப்பாளராகக் கேட்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. சொன்னதும் மகன் பக்கம் திரும்பி, “அக்கா பேரு சொல்லு” என்றார். அவர் சொன்னார். எழுதினேன்.

கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தை விற்க அனுமதித்து, 50 லட்ச ரூபாயைக் கணவர் பெயரிலேயே டெபாசிட் போடச் சொன்ன சென்னை ஐகோர்ட்டின் 2024 மே மாதத் தீர்ப்பு அடுத்த வாரம்.

(தொடரும்)