இரு துறைகளும் ஒரு பள்ளியும்

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடர்ந்து நீண்டு கிடக்கும் கடற்கரை உழைப்பாளர் வாழும் நிலமாகும். கப்பலில் சரக்கேற்றுவோரும், வலை வீசுவோரும், ஆலைகளில் பணிபுரிவோரும் அங்கு நெருங்கி வாழ்கின்றனர். இக்கரைக்குத் தென்மேற்கே, இந்துமாக்கடலின் மறுகோடியில், ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில் டர்பன் என்னும் துறைமுக நகரம் விளங்குகின்றது. இவ்விரு துறைகளுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. பொன்னும் பொருளும் கொண்டு செய்த வாணிகத்தால் விளைந்த உறவன்று அது. ஏழை மக்களின் உழைப்பாலும் கண்ணீராலும் விளைந்தது. அவ்வுறவின் பயனாக எழுந்த ஒரு பள்ளியின் வரலாறு மாணவர் ஒவ்வொருவரும் அறியத் தக்கதாகும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. முற்காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. மக்களையும் சரக்கையும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே கொண்டு சென்றவை மசூலாப் படகுகள். இப்படகின் பலகைகளை ஆணி கொண்டு அடிப்பதில்லை, தென்னங்கயிற்றால் தைப்பார்கள். ஆணியடித்த படகு அலையின் மோதலில் பிளந்துவிடும். தைத்த படகோ அலைக்கு வளைந்து கொடுத்துப் பிழைக்கும். இப்படகுகளைச் செலுத்துவதில் வல்லவராய் இருந்தவர் இப்பகுதிக் கடலோர மக்களே. 1861-ஆம் ஆண்டில் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் அமைந்த பின்னரே கப்பலேறுவது சற்று எளிதாயிற்று.

உள்நாட்டு ஊர்களையும் இத்துறையையும் இணைத்தது இருப்புப்பாதை. 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை முதற் புகைவண்டி ஓடிற்று. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி அதுவே. ஆர்க்காட்டு வட்டாரத்துச் சிற்றூர்கள் அதனால் கடலுக்கு அணுக்கமாயின.

அக்காலத்தில் நேட்டால் என வழங்கிய ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டின் துறைமுகமே டர்பன். 1497-ஆம் ஆண்டு கிறித்து பிறந்த நாளில் வாசுகோடகாமா அக்கரையைக் கண்ட காரணத்தால் நேட்டால் என்னும் பெயர் வந்தது. 1835-ஆம் ஆண்டில் பெஞ்சமின் டர்பன் என்னும் ஆளுநரின் பெயரால் நகரம் அமைந்தது. அந்நாட்டுப் பழங்குடிகளான சூலு மக்கள் அந்நகரை எத்தெக்வினி என்பர். சென்னைக்கு வாய்க்காத இயற்கை வளைகுடா அந்நகருக்கு வாய்த்தது. ஆயினும் அதன் வாயிலில் கிடந்த மணற்றிட்டு பெருங்கப்பல்களை நெடுநாள் தடுத்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணலை அகழ்ந்த பின்னரே அவை உள்ளே புகுந்தன.

நேட்டாலில் வெள்ளையர் கரும்புத் தோட்டங்கள் அமைத்தனர். சூலு மக்களுக்குத் தம் நிலமும் ஆடுமாடும் இருந்தமையால் அவர்கள் தோட்ட வேலையை விரும்பவில்லை. ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையோ 1834-ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. ஆகவே தோட்டக்காரர்கள் இந்தியாவை நாடினர். ஒப்பந்தக் கூலி முறை அங்கும் நுழைந்தது.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் திரூரோ என்னும் கப்பல் சென்னைத் துறையை விட்டுப் புறப்பட்டது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். முப்பத்தைந்து நாள் கடலில் மிதந்து, நவம்பர் 16-ஆம் நாள் அக்கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அந்நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவருள் மிகுதி.

ஆண் தொழிலாளிக்கு முதல் ஆண்டில் மாதக்கூலி பத்து ஷில்லிங்கு. உணவும் உறைவிடமும் தருவதாகச் சொன்னார்கள். ஆயினும் ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்ததைத் தாமே படித்தறிய இயலாதவர் பலர். பிறர் வாய்ச்சொல்லை நம்பியே அவர்கள் கப்பலேறினார்கள். திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் சோழர் காலத்தில் இருந்ததைக் கல்வெட்டுக் கூறுகின்றது. அத்தகைய கல்வி விளங்கிய கரைக்கு அருகிலிருந்தே எழுத்தறியாத ஏழைகள் ஆயிரம் ஆயிரமாய்க் கடல் கடந்தனர். கல்வி ஓரிடத்தில் இருப்பது வேறு. அஃது எல்லார்க்கும் எட்டுவது வேறு.

1871-ஆம் ஆண்டில் தாயகம் மீண்ட சிலர், தாம் பட்ட அடியையும் பெறாத கூலியையும் சென்னையில் அதிகாரிகளிடம் முறையிட்டனர். அதன் பயனாக 1872-ஆம் ஆண்டில் நேட்டாலில் விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. சில சீர்திருத்தங்கள் செய்த பின் 1874-ஆம் ஆண்டில் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன.

தமிழ்ச்சொற்கள் இரண்டு கடல் கடந்த வரலாறு இங்கு எண்ணத் தக்கது. கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்திற் புகுந்து உலகெங்கும் பெருமையோடு வழங்குகின்றது. செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்னும் நல்ல சொல்லோ, அந்நாட்டில் இந்தியர் அனைவரையும் இழித்துரைக்கும் வசையாக மாறிற்று. அங்குக் குடியேறியோரின் பெயர்களும் எழுதுவோர் கையில் திரிந்தன. முதலியார் என்பது மூட்லி ஆயிற்று. கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று. இன்றும் டர்பன் நகரில் அப்பெயர்கள் குடும்பப் பெயர்களாய் நிலைத்துள்ளன.

ஒப்பந்தம் முடிந்தோருட் பலர் அங்கேயே தங்கினர். சிலர் காய்கறி பயிரிட்டனர். கடலறிந்தோர் டர்பன் வளைகுடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் குடிசை அமைத்து மீன் பிடித்தனர். பிற்காலத்தில் அத்தீவு கடற்படைத் தளமாக மாறவே, மீனவர்க்கு அவ்விடம் இல்லாது போயிற்று. 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி செலுத்தவேண்டும் என்று விதித்தனர். காந்தியடிகள் தலைமையில் 1913-ஆம் ஆண்டில் நடந்த அறப்போருக்கு அவ்வரி ஒரு முதன்மையான காரணம். அப்போரில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பதினாறாம் அகவையில் உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே தலைவரியும் நீங்கிற்று.

வரி நீங்கியது, அறியாமை நீங்கவில்லை. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிறித்தவத் தொண்டர்களின் பள்ளிகளும், கோயில்களை அடுத்து நடந்த தாய்மொழிப் பள்ளிகளுமே பெருந்துணையாய் இருந்தன. தொடக்கக் கல்விக்கு மேல் செல்ல விரும்பிய இந்தியப் பிள்ளைக்கு வழி மிக அரிதாயிருந்தது. வெள்ளையர் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில் அவர்களுக்கு இடமில்லை.

1927-ஆம் ஆண்டில் இந்திய அரசின் முதற் பேராளராக வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். தஞ்சைத் தரணியில் வலங்கைமானிற் பிறந்த அவர், நாவன்மையால் உலகப் புகழ் பெற்றவர். ஆயினும் அவர் முதலில் பள்ளி ஆசிரியர். சென்னைத் திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கியவர். ஆதலின் அங்குள்ள தம் மக்களின் குறையை அவர் ஆசிரியரின் கண்கொண்டு நோக்கினார். உரிமை கேட்பதற்கும் கல்வி வேண்டும். பெற்ற உரிமையைக் காப்பதற்கும் கல்வி வேண்டும் என்று தெளிந்தார். டர்பனில் ஓர் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் வேண்டும் என்று முயன்றார்.

கட்டடத்துக்கு வேண்டிய பொருளை இந்திய மக்களே திரட்டினர். வணிகரும் கொடுத்தனர், எளியோரும் கொடுத்தனர். 1929-ஆம் ஆண்டு அக்டோபரில் பள்ளி திறக்கப்பெற்றது. அதற்கு முன்னரே சாஸ்திரியார் தாயகம் திரும்பியிருந்தார். எனினும் நன்றி மறவாத மக்கள் சாஸ்திரி கல்லூரி என அதற்குப் பெயரிட்டனர். தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆசிரியர் சிலர் சென்று அங்குக் கற்பித்தனர். தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி எனப் பல மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கற்றனர்.

1936-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு மற்றொரு பெருமை வாய்த்தது. வெள்ளையர் அல்லாதார்க்குப் பல்கலைக்கழக வகுப்புகள் அங்குத் தொடங்கின. மேபல் பால்மர் என்னும் அம்மையார் அதற்குப் பெரிதும் பாடுபட்டார். பகலில் சிறுவர் அமர்ந்த பலகைகளில் மாலையில் வேலை முடித்து வந்த இந்தியரும் ஆப்பிரிக்கரும் அமர்ந்து உயர்கல்வி பயின்றனர். நிறத்தால் மக்களைப் பிரித்த நாட்டில் இஃது எளிய செயலன்று. 1890-ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலியாய்ச் சென்ற எம். எல். சுல்தான் என்பவர், தாம் ஈட்டிய செல்வத்தைத் தொழிற்கல்விக்கு ஈந்தார். அவர் பெயரால் 1946-ஆம் ஆண்டில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகிவிட்டது.

1948-ஆம் ஆண்டுக்குப் பின் நிறவெறி ஆட்சி கடுமையாயிற்று. மக்கள் தம் வீடுகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். 1994-ஆம் ஆண்டில் அவ்வாட்சி ஒழிந்து, எல்லார்க்கும் வாக்குரிமை வந்தது. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. படிப்பறியாத ஏழைகள் நாவில் ஏந்திச் சென்ற மொழிக்குக் கிடைத்த சிறப்பு இது.

இனி, அவர்கள் விட்டுச் சென்ற கரையை நோக்குவோம். கடலை மறித்துக் கட்டிய சென்னைத் துறைமுகத்தை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் அதனைக் கட்டினர். ஆனால் அத்துறைமுகச் சுவர் கடலோரம் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. நகரம் முழுவதும் பயன்பெற்ற ஒரு செயலின் இழப்பை ஒரு பகுதி மக்களே தாங்கினர். 2023-ஆம் ஆண்டு திசம்பரில் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் படர்ந்தபோதும், படகும் வலையும் பிழைப்பும் கெட்டவர் அங்குள்ள மீனவரே.

இத்தகைய மக்களுக்குக் கல்வியே உறுதுணை. வடசென்னையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராய் இருந்த 1920-ஆம் ஆண்டில், பசித்த பிள்ளை படிக்க இயலாது என்றுணர்ந்து, மாநகராட்சிப் பள்ளியொன்றில் நண்பகல் உணவுக்கு வழிசெய்யப்பட்டது. பின்னர் அதனைத் தமிழகமெங்கும் பரப்பிச் சிற்றூர்தோறும் பள்ளிகள் திறந்தவர் காமராசர். 2001-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

துறைமுகம் ஓர் ஊரின் வாயில். அவ்வாயிலின் வழியே ஒருவன் எவ்வாறு வெளியே செல்கிறான் என்பதை முடிவு செய்வது பள்ளி. தான் ஒப்பமிடும் தாளைத் தானே படிக்கவல்லவனைப் பிறர் எளிதில் ஏமாற்ற முடியாது. திரூரோக் கப்பலில் சென்றவர்க்கு அந்த ஆற்றல் வாய்க்கவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களுக்காவது அது வாய்க்க வேண்டும் என்று அயல்நாட்டில் வாழ்ந்த மக்கள் தம் கைப்பொருளைக் கொடுத்துப் பள்ளி கட்டினர். அவ்வாறு கிடைத்த கல்வியின் அருமையை உணர்ந்து கற்பது மாணவர் கடமையாகும்.