பதின்வயதில் தொடங்கும் போதை: சிகிச்சையில் கற்க வேண்டியவை

போதைப் பழக்கம் எந்த வயதில் தொடங்கியது என்பது சிகிச்சையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று. அமெரிக்காவில் 1990களில் நடந்த பெரிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் பின்னர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் இது சுமார் 10 விழுக்காடுதான். மரபும் குடும்பச் சூழலும் இதில் பங்கு வகிக்கின்றன. ஆசையை அடக்கிப் பின்விளைவை எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி, 25 வயதையொட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது என்பதும் ஒரு காரணம்.

எல்லையோரச் சூழல்

வயதோடு சூழலும் சேர்கிறது. கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர். வேலை தேடி வரும் இளைஞர்கள் பலர் பெற்றோரைப் பிரிந்து, அறை எடுத்துத் தங்கி, ஷிப்ட் மாறி மாறி உழைக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, கையில் பணம் இருக்கிறது, கேட்க ஆளில்லை. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை இருந்தும், ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொருட்களும் கர்நாடகத்தின் டெட்ரா பாக்கெட் மதுவும் எல்லை தாண்டி வந்து பிடிபடுவது தொடர்கிறது.

மருந்து செய்வதும் செய்யாததும்

நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. ஆகவே மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. நடுக்கத்தையும் வலிப்பையும் மருந்து தடுக்கும். தயமின் என்னும் வைட்டமின் பி1 மூளையைக் காக்கும்.

ஆனால் மருந்தால் கற்றுத்தர முடியாததும் உண்டு. கோபம், தனிமை, அவமானம், உடல் அலுப்பு ஆகியவற்றைத் தாங்கும் வழிகளை மனிதர்கள் பெரும்பாலும் பதின்வயதில்தான் பழகுகிறார்கள். அந்த வயதிலேயே ஒவ்வொன்றுக்கும் போதையை நாடியவருக்கு வேறு வழி பழகியிருக்காது. அவருக்குச் சிகிச்சை என்பது இழந்ததை மீட்பது மட்டுமல்ல, பழகாததை முதன்முறையாகப் பழகுவதும்தான். குடும்பத்தினர் பொறுமை காக்க வேண்டிய காரணமும் இதுவே.

சமாளிக்கும் வழிகள்

முதற்படி, ஆபத்தான நேரங்களை அடையாளம் காண்பது. சம்பள நாள், இரவு ஷிப்ட் முடியும் விடியல், அறை நண்பர்களின் அழைப்பு, வீட்டோடு சண்டை என ஒவ்வொருவரும் தமக்கான பட்டியலை ஆலோசகருடன் சேர்ந்து எழுதலாம். சம்பளத்தை வீட்டுக் கணக்குக்கு அனுப்புவது, வேறு வழியில் அறை திரும்புவது, மறுக்கும் சொற்களை முன்பே சொல்லிப் பழகுவது போன்றவை அதற்கான ஏற்பாடுகள்.

போதைக்கான ஏக்கம் எழுந்தாலும் அது நிலையாக நிற்காது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அதுவரை சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, நடப்பது, நம்பிக்கையானவருக்குப் போன் செய்வது உதவும். பசியும் தூக்கமின்மையும் ஏக்கத்தைக் கூட்டுவதால் வேளைக்கு உணவும் உறக்கமும் சிகிச்சையின் பகுதிகளே.

இடையில் ஒருநாள் சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று பொருளல்ல. குற்றவுணர்வில் மீண்டும் குடிப்பதே பெரிய ஆபத்து. மறுநாளே சிகிச்சைக்குத் திரும்பி, சறுக்கியது எந்தச் சூழலில் என்று ஆராய்ந்தால் அதுவும் பாடமாகும்.

உதவி எங்கே?

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது. ஓசூர் அரசு மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மருத்துவரை முதலில் அணுகலாம். உயர் சிகிச்சைக்குப் பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் போதை மருத்துவத்துக்கெனத் தனி மையம் உள்ளது. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.