காதில் பஞ்சு வைத்த ஆக்சுவேட்டர்

குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தடி ஏற்றிவரும் வண்டிகளுக்கு மேட்டில் ‘புல்லிங்’ போதவில்லை என்பது பழைய குறை. திருவட்டாறு வாசகர் ஒருவர் கேட்கிறார்: “டர்போ ஹோஸில் ஒரு சின்ன பித்தளை வால்வைப் பொருத்தினால் வண்டி பறக்குமாமே, உண்மையா?” அவர் சொல்வது மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலரை. வண்டி பறக்காது. ஆனால் அந்த வால்வு வேலை செய்யும் விதம் அபாரமானது.

டர்போவின் கடிவாளம் வேஸ்ட்கேட். அழுத்தம் ஏறினால், எஞ்சின் புகையில் ஒரு பங்கை டர்பைன் பக்கம் போகவிடாமல் வெளியே தள்ளிவிடும் கதவு அது. கதவைத் திறப்பது ஆக்சுவேட்டர்: உள்ளே ஒரு சவ்வு, அதை எதிர்த்து ஒரு ஸ்பிரிங். கம்ப்ரசர் வாயிலிருந்து வரும் மெல்லிய ஹோஸ்தான் அதற்கு அழுத்தச் செய்தி சொல்லும்.

குக்கர் சத்தம் கேட்டதும் அடுப்பைத் தணிக்க அடுக்களைக்கு வெளியே ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறோம் என்று வையுங்கள். அவர்தான் ஆக்சுவேட்டர். அவரோ பதற்றக்காரர், விசில் வருவதற்கு முன்பே, ‘உஸ்’ என்றதுமே தீயைக் குறைக்கத் தொடங்குவார். 0.5 பார் ஆக்சுவேட்டரும் அப்படித்தான். அந்த அளவு வருமுன்பே கதவு கசியத் தொடங்கிவிடும். டர்பைனைச் சுழற்ற வேண்டிய புகை வீணாகிறது, பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், தாமதமாக ஏறுகிறது. ஹோஸில் வரும் காற்றில் கொஞ்சத்தை வெளியே கசியவிடும் கன்ட்ரோலர், அவர் காதில் வைத்த பஞ்சு: எல்லாச் சத்தமும் மெதுவாகவே கேட்கும். குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள கன்ட்ரோலர் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அது அடுக்களைக் கதவையே சாத்திவிடுகிறது. 0.7 பாருக்குத் திருகி வைத்தால், அதுவரை குண்டு துளையை அடைத்தபடி இருக்கும். ஆக்சுவேட்டருக்கு ஒன்றுமே தெரியாது. குண்டு விலகியதும் முழுச் செய்தியும் ஒரேயடியாகப் போகும். அந்த அடுக்களைக் கதவுக்குச் சாவித்துவாரமும் உண்டு. ஆக்சுவேட்டர் பக்கத்தில் உள்ள நுண்ணிய துளை அது. அது இல்லாவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் சிக்கிய காற்று வேஸ்ட்கேட்டைத் திறந்தே வைத்திருக்கும்.

டர்போவின் வரலாறு சுருக்கமானது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். டர்போ பொருத்திய கார்கள் 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. போதும்.

இந்த வால்வின் விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது வெப்பத்தை. 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரசர், 30 டிகிரிக் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால் அது சுமார் 125 டிகிரிக்குச் சூடாகும். அழுத்தம் இரட்டிப்பானாலும் காற்றின் அடர்த்தி ஒன்றரை மடங்கே. மீதியை இன்டர்கூலர்தான் மீட்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் இந்தச் சூடு நாக்கிங்கை வரவழைத்து பிஸ்டனையே உடைக்கக்கூடும். டீசலிலோ சக்தி எரிபொருளில் இருக்கிறது. காற்றை மட்டும் கூட்டி, பம்ப் அதே டீசலைக் கொடுத்தால் புகை குறையலாம், புல்லிங் கூடாது. காமன்ரெயில் வண்டியில் அழுத்தம் எல்லை மீறியதை சென்சார் கண்டுகொண்டு, கணினியே சக்தியைக் குறைத்துவிடும். இறக்கைகள் திரும்பும் வகை டர்போவில் பெரும்பாலும் வேஸ்ட்கேட்டே கிடையாது; அங்கே இந்த வால்வுக்கு வேலையில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னும் பொருத்துவதானால், முதலில் பூஸ்ட் கேஜ், பிறகு வால்வு. கம்ப்ரசர் வாயிலிருந்து வரும் ஹோஸ், குண்டு அடைக்கும் பக்கம் சேர வேண்டும். திருகை முழுக்கத் தளர்த்தித் தொடங்குங்கள். ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே இதனால் இறங்க முடியாது. ஆளில்லாத மேட்டில், உயர் கியரில், முழு ஆக்சிலரேட்டரில் முள் எங்கே நிற்கிறதென்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வண்டியை நிறுத்திக் கால் சுற்று திருகி, மறுபடி பாருங்கள். முள் துள்ளி ஏறி இறங்கினால் அந்த உச்சத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு லாக் நட்டை முடுக்குங்கள். இரு முனையிலும் கிளிப் கட்டாயம்: ஹோஸ் கழன்றால் ஆக்சுவேட்டருக்குச் செய்தியே போகாது, வேஸ்ட்கேட் மூடியபடியே இருக்க அழுத்தம் எல்லையின்றி ஏறும்.