டேப்பில் இருக்கும் கணக்குக்கு நகல் எங்கே?



பேரேடு, நாள்வழி, சிட்டை என்று துணி அட்டை போட்ட நோட்டுகளில் கணக்கு எழுதிய காலம் போய், கம்ப்யூட்டர் வந்து, இப்போது அதுவும் சிறுத்து, சிலேட்டு அளவுள்ள ஒரு டேப்புக்குள் கடை முழுவதும் அடங்கிவிட்டது. பில் போடுவது அதில், இருப்புப் பார்ப்பது அதில், பற்று வரவு அதில், லாரியில் வந்த சரக்கின் பில்லைப் படம் பிடித்து வைப்பதும் அதில்தான். அந்தச் சிலேட்டு ஒருநாள் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் நம்மில் பலர் யோசிப்பதில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்களும் யோசிக்கவில்லை. 2022 ஆடி மாதம் எங்களை யோசிக்க வைத்தது.

2018-19ஆம் ஆண்டுக் கொள்முதல் பில்கள் சிலவற்றைக் காட்டும்படி அந்த மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரோ 2020லேயே சாரல் ஈரத்தில் உயிரை விட்டுவிட்டது. ஆனாலும் எங்களுக்குப் பயமில்லை. அது போவதற்கு முன்பே கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றிக் கல்லாப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதை எடுத்து, கடைப் பையனிடம் டேப்பில் சொருகச் சொன்னோம்.

“அண்ணாச்சி, இத வாசிக்க முடியலைங்கு. பார்மட் பண்ணவான்னு கேக்கு” என்றான் பையன்.

கண்ணாடி கையில் இல்லை. எதிரே சுரண்டை, ஆய்க்குடி கடைக்காரர்கள் நான்கு பேர் சீட்டோடு நிற்கிறார்கள். “சரின்னு அமுக்குல” என்று சொன்னது நாங்கள்தான். பையனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரை நிமிடத்தில் டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த எண்ணெய் டின் மாதிரி!

நடந்தது என்ன என்பது பிறகுதான் விளங்கியது. கம்ப்யூட்டரில் பயன்படுத்திய டிஸ்க்குகள் பெரும்பாலும் என்.டி.எப்.எஸ். என்னும் முறையில் அமைக்கப்பட்டிருக்கும். பல ஆண்ட்ராய்டு டேப்புகளுக்கு அந்த முறை புரியாது. புரியாத டிஸ்க்கைப் பழுதான டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு, ‘அழித்துப் புதிதாக அமைத்துத் தரட்டுமா’ என்று கேட்கும். நாம் சரி என்றால் அது தன் வேலையைச் செய்துவிடும். டிஸ்க் கெட்டுப் போகவில்லை, பாஷைதான் வேறு. வேறொரு கம்ப்யூட்டரில் சொருகியிருந்தால் எல்லாம் அப்படியே வந்திருக்கும்.

நல்லகாலமாக, அதற்கு மேல் அந்த டிஸ்க்கில் நாங்கள் எதையும் எழுதவில்லை. இப்படி அவசரத்தில் அழிந்துபோனால் உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். மேலே புதிதாக எழுத எழுத, அடியில் மிச்சம் இருப்பதும் போய்விடும். திருநெல்வேலியில் இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்ததில் பாதிக்கு மேல் மீண்டது. ஆனால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் குழம்பிப் போயிருந்தன. எது துவரம் பருப்புப் பில், எது கடுகுப் பில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. மீளாதவற்றுக்கு, சரக்குக் கொடுத்த வியாபாரிகளிடமே கேட்டோம். விருதுநகரில் ஒரு பருப்பு வியாபாரி பழைய பில் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். இரண்டே நாளில் நகல் எடுத்து பஸ் பார்சலில் அனுப்பினார். காகிதத்தைக் கேலி செய்யும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பில் இல்லாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கொள்முதலில் கட்டிய வரியை நாம் கழித்துக்கொள்கிறோம் அல்லவா, அதற்கு ஆதாரமே பில்தான். காட்ட முடியாவிட்டால் கழித்ததைத் திரும்பக் கட்ட நேரும், அதுவும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்குக் கடைசித் தேதி 31-12-2024. ஆகவே அதை 2030 டிசம்பர் முடியும்வரை காப்பாற்ற வேண்டும். மேல்முறையீடு ஏதும் இருந்தால் இன்னும் நீளலாம். கணக்கைக் கம்ப்யூட்டரிலோ டேப்பிலோ வைப்பவர்களுக்கு 57ஆம் விதி வேறு இருக்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. ஒரு டேப் ஆறு ஏழு வருடம் உழைக்குமா என்பது அதை வாங்கியவர்களுக்கே தெரியும்.

இந்தக் கவலையில் இருந்தபோதுதான், சூரியகாந்தி பார்க்க வந்த கூட்டத்தில் கேரளத்துப் பையன் ஒருவன் கடலைமிட்டாய் வாங்கக் கடைக்கு வந்தான். ஆடி மாதம் நம் ஊர் வயல்களில் கேமராவோடு நிற்பவர்களை எண்ண முடியாது. கடை வாசலில் உட்கார்ந்தபடியே தன் டேப்பில் ஒரு சிறிய பட்டை போன்ற டிஸ்க்கைச் சொருகி, அன்று எடுத்த படங்களை எல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருந்தான். “ராத்திரிக்குள்ள இரண்டு இடத்தில வெச்சாதான் தூக்கம் வரும் சேட்டா” என்றான். பூவைப் படம் பிடிக்கிறவனுக்கு உள்ள அக்கறை, ஊரெல்லாம் பற்று வைத்திருக்கும் நமக்கு இல்லையே என்று இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதும் கீழே வருகின்றன.

டேப்பில் டிஸ்க்கைச் சொருகும் வசதி புதிதல்ல. ஆண்ட்ராய்டில் 2011 முதலே உண்டு. ஐபேடில் 2019 முதல், ‘பைல்ஸ்’ என்னும் இடத்தில் திறக்கும். பழைய டேப்பாக இருந்தால் ஓ.டி.ஜி. என்று கேட்டு ஒரு சிறு வயர் வாங்க வேண்டும். புது டேப்புகளின் வாய் சி-டைப். அதற்கேற்ற பென்டிரைவே கிடைக்கிறது.

வாங்கியதும், உள்ளே ஒன்றும் இல்லாதபோதே, அதை எக்ஸ்-பேட் முறையில் பார்மட் செய்து நம் டேப்பில் திறக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அது கம்ப்யூட்டரிலும் திறக்கும், ஐபேடிலும் திறக்கும். சில பழைய டேப்புகளில் திறக்காவிட்டால் பேட்-32 முறை. அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது, ஆனால் நம் கடைக் கணக்குக்கு அது தடையில்லை. பில் படங்கள்தான் இடத்தைத் தின்னும். ஒரு படம் 4 எம்.பி., நாளைக்கு 50 படம் என்றால் மாதம் 6 ஜி.பி. ஆகிவிடும்.

சுழலும் தட்டு உள்ள பழைய வகை ஹார்டு டிஸ்க்குக்கு டேப் கொடுக்கும் மின்சாரம் பல சமயம் போதாது. ‘டிக் டிக்’ என்று பல்லி மாதிரி சத்தமிட்டு நின்றுவிடும். பென்டிரைவோ எஸ்.எஸ்.டி.யோ என்றால் இந்தத் தொல்லை குறைவு. விலைக்குப் பயப்பட வேண்டாம், நல்ல பென்டிரைவ் இரண்டு வாங்க ஒரு மூட்டைத் துவரம் பருப்பு விலை ஆகாது. ஆனால் சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். 16 ஜி.பி. சரக்கை உள்ளே வைத்து 2 டி.பி. என்று பொய் சொல்லும் கள்ள எடைக்கல் அது. நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பில் போடும் ஆப்பின் கணக்கு, டேப்பின் உள்ளறையில் இருக்கும். படங்களைப் போல அதை நேரே இழுத்துப் பென்டிரைவில் போட முடியாது. ஆப்புக்குள் ‘பேக்அப்’ என்று ஓர் இடம் இருக்கும். அதை அமுக்கினால் ஒரு கோப்பு உருவாகும். அந்தக் கோப்பைத்தான் நகல் எடுக்க வேண்டும். எடுத்ததோடு முடியவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய போனில் அதே ஆப்பைப் போட்டு, அந்தக் கோப்பு திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. இதை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம்.

மெமரி கார்டு போடுபவர்களிடம் சில டேப்புகள், ‘உள் சேமிப்பாக வைத்துக்கொள்ளவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி வைத்தால் கார்டுக்கு அந்த டேப் ஒன்றே சாவி. டேப் செத்தால் கார்டும் செத்தது. கழற்றும்போதும் வெடுக்கென்று பிடுங்காமல், மேலே வரும் அறிவிப்பில் ‘எஜெக்ட்’ அமுக்கிவிட்டுக் கழற்ற வேண்டும். எழுதி முடிந்ததுபோலத் தோன்றும், முடிந்திருக்காது.

இணையத்தில் ஏற்றி வைத்தால் போதாதா என்று இளைய வணிகர்கள் கேட்கிறார்கள். வைக்கட்டும், நாங்களும் வைக்கிறோம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வியாபாரிகள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. கடைக்குள் தண்ணீர் புகுந்தால், கல்லாப் பெட்டியில் வைத்த நகலும் டேப்போடு சேர்ந்து நனையும். அந்த வாரத்துக்குப் பிறகுதான் ஒரு பென்டிரைவைக் கடையிலிருந்து வெளியேற்றினோம்.

இப்போது எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு நூல், மற்றதில் பச்சை நூல். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பிறகு, கல்லா எண்ணும் நேரத்தில் பையன் பேக்அப் எடுக்கிறான். இந்த வாரம் சிவப்பு என்றால் அடுத்த வாரம் பச்சை. அந்த வாரம் எடுத்தது இலஞ்சியில் மகள் வீட்டு பீரோவுக்குப் போகும், அங்கே இருந்தது கடைக்குத் திரும்பும். இரண்டுக்கும் கடவுச்சொல் போட்டிருக்கிறோம், யார் யார் எவ்வளவு பாக்கி என்பது ஊர் தெரியவேண்டிய சங்கதியல்லவே. அந்தச் சொல் எங்களுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் வீட்டம்மாவுக்கும் தெரியும். டேப் எதையாவது கேட்டால், பையன் முதலில் எங்கள் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தருகிறான்.