கேமரா பை – 9: சின்ன எண்ணைப் பாருங்கள்

மூன்று முடிச்சுக்கும் சேர்த்துப் புகைப்படக்காரருக்குக் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டுவிடுவார். சித்தப்பா மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் ஆரம்பித்ததும் நானும் பொத்தானை அழுத்தினேன். கேமரா இரண்டு மூன்று விநாடி படபடவென்று ஓடிவிட்டு நின்றுபோனது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருக்கையிலேயே அட்சதை விழுந்து, நாத்தனார் நகர்ந்து, மேளமும் அடங்கிவிட்டது. கடைசி இரண்டு முடிச்சுகள் என்னிடம் இல்லை.

கேமரா பழுது என்றுதான் நினைத்தேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த கல்யாண போட்டோகிராபரிடம் சொன்னேன். “கேமராவுக்கு ஒண்ணும் இருக்காது சார், கார்டைக் கழட்டுங்க” என்றார். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நூறுன்னு பெருசாப் போட்டிருக்கேன்னு வாங்கிட்டீங்க. கீழே சின்னதா ஒரு பத்து இருக்கே, அதைப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. கார்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது, வீட்டுக்குப் போய்ப் படங்களைக் கணினிக்கு மாற்றும்போது கிடைப்பது. மண்டபத்தில் நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்கான அடையாளம் மூலையில் எறும்பு அளவில் இருக்கும். சி என்ற எழுத்தின் வயிற்றுக்குள் 10 இருக்கலாம், யு என்ற எழுத்துக்குள் 1 இருக்கலாம், வி10 என்றும் இருக்கலாம். மூன்றும் சொல்வது ஒன்றையேதான்: வீடியோ பதிவாகும்போது விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன். யு3, வி30 என்றால் 30 மெகாபைட். வி60, வி90 என்பவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ‘ரா’ படம் ஏறக்குறைய 27 மெகாபைட். விநாடிக்குப் பத்துப் படம் என்றால் 270 மெகாபைட். இதை உடனே எழுத என் கார்டால் முடியாது என்பதால் கேமரா தன் உள் நினைவகமான பஃபரில் தேக்கிவைத்துக்கொள்ளும். தண்ணீர் லாரி வந்த வீட்டில் நடப்பதுதான் இது. லாரிக் குழாய் சம்ப்பில் கொட்டுகிறது, மோட்டார் தன்பாட்டில் மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. சம்ப் நிரம்பிவிட்டால் லாரிக்காரர் வால்வை மூடத்தான் வேண்டும். பஃபரில் 25 படம் தேங்கி, கார்டு விநாடிக்குப் பத்து மெகாபைட்டே எழுதினால், அது காலியாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நல்ல கார்டுகள் உறுதி சொன்னதைவிட வேகமாகவே எழுதும். என்னுடையது மலிவு கார்டு, சொன்ன சொல்லோடு நின்றுகொண்டது.

அப்படியானால் எல்லோரும் வி90 வாங்க வேண்டுமா? வேண்டாம். ‘ஜேபெக்’கில் குழந்தையின் பிறந்தநாளை எடுப்பவருக்கு வி30 தாராளம். 4கே என்றதும் சில கடைகளில் வி90-ஐ எடுத்து நீட்டுவார்கள். அவர்கள் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கேமரா கையேட்டில் வீடியோவின் அளவு மெகாபிட்டில் இருக்கும், கார்டின் வேகம் மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு விநாடிக்கு 12.5 மெகாபைட் போதும். வி30 அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 400 மெகாபிட்டில் எடுப்பவர்தான் வி60-ஐ நினைக்க வேண்டும், 600-ஐத் தொடுபவருக்குத்தான் வி90.

இன்னொன்று, கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகள் ஒரு வரிசையானால் யுஎச்எஸ்-1, இரண்டு வரிசையானால் யுஎச்எஸ்-2. முன்னதன் உச்சம் விநாடிக்கு 104 மெகாபைட், பின்னதன் உச்சம் 312. கேமராவின் துளையில் இரண்டாம் வரிசை இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இரட்டை வரிசைக் கார்டும் ஒற்றை வரிசை வேகத்தில்தான் ஓடும். 2018-இல் வந்த சோனி ஏ7-3-இல் இரண்டு துளைகளில் ஒன்றுதான் யுஎச்எஸ்-2. கையேட்டைப் பார்க்காமல் மாற்றிச் செருகிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

வேடந்தாங்கலில் பறவை எடுப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அவர்களில் பலர் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு வகைக் கார்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஏ வகை சின்னது, சோனியினுடையது. பி வகை பெரியது, நிக்கானும் கேனனும் கையாள்வது. ஒன்றின் துளையில் மற்றது நுழையாது. உங்கள் கேமராவில் எந்தத் துளை இருக்கிறதோ அதுதான் உங்கள் கார்டு.

இந்தத் துளைச் சண்டை புதிதல்ல. சோனி 1998-இல் மெமரி ஸ்டிக் கொண்டுவந்தது. ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் 2002-இல் எக்ஸ்டி கார்டு கொண்டுவந்தன. 1999-இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்டிதான் (முதலிலிருந்து நாம் பேசிவந்த கார்டு) கடைசியில் நின்றது. 2010-இல் சோனியும் தன் கேமராக்களில் எஸ்டிக்கு இடம் கொடுத்துவிட்டது. என் மேஜை இழுப்பறையில் ஒரு எக்ஸ்டி கார்டு கிடக்கிறது. அதில் கொடைக்கானல் பயணம் ஒன்று அடைபட்டிருக்கிறது, திறந்து பார்க்கத்தான் கார்டு ரீடர் இல்லை.

கொள்ளளவு பற்றி அந்தப் போட்டோகிராபர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “முகூர்த்தம் ஒரு கார்டு, ரிசப்ஷன் ஒரு கார்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும் சார்.” 256 ஜி.பி. ஒன்றைவிட 64 ஜி.பி. இரண்டு நல்லது என்பது என் கட்சியும். பழைய கேமராவானால் மட்டும் ஒரு எச்சரிக்கை: 32 ஜி.பி.க்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎச்சி என்று மட்டும் எழுதியிருக்கும் கேமரா அவற்றை ஏற்காமல் போகலாம்.

கடைசியாகப் போலி. உள்ளே 16 ஜி.பி. மட்டும் இருக்கும், கேட்டால் 256 என்று பொய் சொல்லும்படி பழக்கியிருப்பார்கள். முதல் 16 ஜி.பி. வரை ஒழுங்காகவே பதியும், அதற்குப் பிறகு எழுதுவது ஒன்றும் மிஞ்சாது. வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உள்ளன. கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்ப்பவை அவை. பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். புதுக் கார்டு வாங்கிய அன்றிரவே ஓடவிட்டுத் தூங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

(தொடரும்)